பதினேழாவது புகார்

"பதினாலு மாசத்துல ஒரு புகார்கூடவா வரல?" என்று கேட்டார் முதல்வர் தங்கபாண்டி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"வரல சார்," என்றார் ஞானபாக்கியம்.

"ஏன் வரல?"

"புகார் நோட்டு உங்க பீரோவுக்குள்ள இருக்கு. பீரோ சாவி உங்க சட்டைப் பையில இருக்கு."

சின்னமனூரைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் ஞானபாக்கியம் வரலாறு நடத்தினார். ஆசிரியர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்த்துவைக்க ஓர் அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்று 2007-ல் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பத்தொன்பது வருடமாக எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காதவர் என்பதால் தங்கபாண்டி அந்தப் பதவியை இவருக்குக் கொடுத்தார். ஆர்டரில் 'ஆம்பட்ஸ்பர்சன்' என்று போட்டிருந்தது. அட்டெண்டர் அம்மாவாசி வாயில் அது 'ஆம்புலன்ஸ் மேடம்' ஆகி, அப்படியே நிலைத்துவிட்டது.

இப்போது மேலிடத்தின் பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. பத்து நாளில் ஆய்வுக் குழு வருகிறது. புகார்ப் பதிவேட்டைப் பார்க்கும். எத்தனை புகார் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று திருமதி ஞானபாக்கியத்திடமே நேரில் கேட்கும். ஒரு புகாரும் இல்லையென்றால் ஆசிரியர்கள் பயந்து கிடப்பதாகக் கருதப்படும். கல்லூரியின் அங்கீகாரம் மறுபரிசீலனைக்குப் போகும்.

"ஒரு பன்னெண்டு புகார் எழுதிருங்க மேடம்," என்றார் தங்கபாண்டி. "நீங்களே எழுதி நீங்களே தீத்து வச்சிருங்க. எதுக்கு நாலு பேருக்குச் சிரமம்?"

"வராத புகார எப்பிடி சார் எழுதுறது? பொய்யா எழுத மாட்டேன்."

பத்தொன்பது வருடத்தில் அவர் முதல்வரிடம் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. சொன்ன பிறகு, அந்தச் சொல் அவருக்கே பிடித்திருந்தது.

வேறு ஆளைப் போடலாமென்றால் கடிதத்தில் இவர் பெயர் இருந்தது. தங்கபாண்டி தட்டச்சர் ஜெபஷீலாவைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கை சொன்னார். துறைக்கு ஒரு புகார், வெள்ளிக்கிழமைக்குள். புகார்கள் லேசானவையாக இருக்க வேண்டும்.

"'லேசானவை'ன்னு போடவா சார், 'மென்மையானவை'ன்னு போடவா?" என்று கேட்டாள் ஜெபஷீலா.

"எதையாவது போடும்மா."

வணிகவியல் துறை முந்திக்கொண்டது. 'கேண்டீன் டீ ஆறிப்போய் இருக்கிறது.' கேண்டீன் கல்லூரிச் செயலாளரின் மச்சினருடையது. மதியத்துக்குள் செயலாளர் போனில் கத்தினார். "நான் எழுதச் சொல்லித்தான் ஐயா எழுதுனாக," என்று தங்கபாண்டி சமாதானம் சொல்லப்போக, கத்தல் இரண்டு மடங்கானது.

இயற்பியல் விஜய்ராஜ் மாலையில் ஒரு தாளை நீட்டினார். 'முதல்வரின் நிர்வாகத்தில் ஒரு குறையும் காண முடியவில்லை என்பதே என் குறை.'

"இது புகார் இல்ல தம்பி," என்று ஞானபாக்கியம் திருப்பிக் கொடுத்தார்.

"பயமா இருக்கு டீச்சர்."

"அப்ப அத எழுதுங்க."

மறுநாள் காலையில் அவர் முதல்வர் அறைக்குப் போய்க் கையை நீட்டினார். "நோட்டு என் ரூம்ல இருக்கணும். கதவச் சாத்தி வச்சுத்தான் கேப்பேன். இல்லைன்னா ஒரு புகாரும் வராது."

நாள் ஓடிக்கொண்டிருந்தது. தங்கபாண்டி சாவியை எடுத்தார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் லேசாக இல்லை. ஆசிரியைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் உள்ளே போனால் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். தாவரவியல் மாயக்காள் பிரசவமான இருபத்திரண்டாம் நாள் வகுப்புக்கு வரவழைக்கப்பட்டிருந்தார். மூன்று நாளில் பதினாறு புகார். அதில் பன்னிரண்டு ஒரே விஷயம்.

வேலையில் சேரும்போது எல்லோருடைய அசல் சான்றிதழ்களையும் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். திருப்பித் தராது. சான்றிதழ் இல்லாமல் யாரும் வேறு வேலைக்குப் போக முடியாது. நாற்பத்தொரு பேருடைய படிப்பு அலுவலக லாக்கரில் பூட்டிக் கிடந்தது.

நோட்டைப் படித்த தங்கபாண்டிக்கு வியர்த்தது. "அந்தப் பக்கங்களக் கிழிங்க மேடம்."

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு சார்."

"புது நோட்டு போடுவோம்."

"போடுங்க. பழசு என் பையில இருக்கும்."

"உங்க எம்.ஏ. சர்டிபிகேட்டும் என் லாக்கர்லதான் கெடக்கு. மறந்துறாதீக."

ஞானபாக்கியம் பேனாவைத் திறந்தார். "திரும்பச் சொல்லுங்க சார். கொஞ்சம் மெதுவா."

"என்ன எழுதுறீக?"

"பதினேழாவது புகார். கொடுத்தது நான். இன்னைக்குத் தேதி பதினாறுதான?"

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அன்றிலிருந்து நோட்டைக் கைப்பையில் வைத்து அணைத்துக்கொண்டே தேனி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

குழு வர இரண்டு நாள் இருக்கையில் தாழ்ப்பாள் வந்தது. மாயக்காளுக்கு விடுப்பு எழுத்தில் கிடைத்தது. சான்றிதழுக்கு மட்டும் தங்கபாண்டி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"'கொடுத்தாச்சு'ன்னு எழுதிக்கிடுங்க. குழு போகவும் மத்தத பாத்துக்கிடுவோம்."

"வாங்குனவுக கையெழுத்து வேணும் சார். குழு என்னைத்தான் கேக்கும். நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

லாக்கர் திறந்தது. "ரெண்டே நாள்தான். குழு போகவும் திருப்பி ஒப்படைச்சிரணும்," என்று தங்கபாண்டி வரிசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பத்தொரு பேரும் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். மாயக்காள் தன் பட்டத்திலிருந்த தன் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல வேகமாக நடந்தார்.

குழு வரும் நாளில் வாசலில் வாழை கட்டினார்கள். கேசரி கிண்டினார்கள். அம்மாவாசி மாலையோடு காலையிலிருந்தே கேட்டில் நின்றார். பதினொன்றானது, ஒன்றானது, மூன்றானது. ஒரு கார்கூட உள்ளே வரவில்லை. மாலையிலிருந்த சம்பங்கி வாடித் தலையைத் தொங்கப் போட்டது.

நான்கு மணிக்குத் தங்கபாண்டிக்குப் பொறுமை போனது. "வராட்டிப் போறாக. சர்டிபிகேட்டெல்லாம் வாங்கிட்டு வாப்பா," என்று அம்மாவாசியிடம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்.

மாயக்காள் தன்னுடையதை அண்ணனிடம் கொடுத்துச் சுருளிப்பட்டிக்கு அனுப்பியிருந்தார். விஜய்ராஜ் லீவு, சான்றிதழோடு மதுரையில் இன்டர்வியூவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வெறும் பெட்டி கடைசியில் ஞானபாக்கியத்திடம் வந்தது.

"ஆம்புலன்ஸ் மேடம், உங்களுது?"

"தர மாட்டேன்னு சொன்னாகன்னு போய்ச் சொல்லுங்க."

அம்மாவாசி முதல்வர் அறைப் பக்கம் நடந்தார். ஞானபாக்கியம் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். ஜெபஷீலா மட்டும் இருந்தாள்.

"குழு ஆபீசுக்கு ஒரு போன் போடு ஜெபஷீலா. நாளைக்காவது வரச் சொல்லுவோம். இத அவுக கண்ணுல காட்டாம நான் விடப்போறதில்ல."

ஜெபஷீலா வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வர மாட்டாக டீச்சர். குழு வருதுன்னு வந்த அந்தக் கடுதாசிய யாரும் சொல்லாம டைப் அடிச்சதே நான்தான்."