கலசத்துக் காவலர்கள்

கொசுவைக் கட்டும் மகான் வந்துவிட்டார் என்று தெருவே அல்லோலகல்லோலப்பட்டது. பேயைக் கட்டுகிறவர்கள் உண்டு, எதிரியின் வாயைக் கட்டுகிறவர்கள் உண்டு. கொசுவைக் கட்டுகிறவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தானாம். மரக்கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவர் அமர்ந்திருக்க, வரிசை பால்கடையைத் தாண்டி முனையில் திரும்பியது. வரிசையில் நின்றவர்கள் தங்களைத் தாங்களே பளார் பளார் என்று அறைந்துகொண்டார்கள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், கொசு.

வரிசையில் முதல் ஆள் நம் கண்ணாடிக்கடைக்காரர். மூக்கில் மாட்டுகிற கண்ணாடி விற்பவர். "கீழ் வரி எழுத்து தெரியுதா?" என்று ஊராரைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். அவருக்கு ஏன் இந்த வேலை என்கிறீர்களா? எல்லாம் பேத்திக்காகத்தான்.

மகள் கைக்குழந்தையோடு அவர் வீட்டில் இருந்தாள். குழந்தையின் கன்னம் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. தெருவில் காய்ச்சல் வேறு பரவிக்கொண்டிருந்தது. "அப்பா, இந்தக் கொசுவுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு மாமியார் வீட்டுக்கே போயிடுவேன்" என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேத்தியின் பொக்கைவாய்ச் சிரிப்பைப் பார்க்காமல் அவருக்குக் காலையில் காபி இறங்காது. கொல்லையில் கிடந்த பெயின்ட் டப்பாக்களையும் பூந்தொட்டித் தட்டுகளையும் கவிழ்த்திருக்கலாம்தான். அதற்கு இடுப்பு வளைய வேண்டுமே! மகான் காலில் விழுவதற்கு மட்டும் இடுப்பு நன்றாக வளைந்தது.

மகான் வாயகன்ற மண் கலசத்தில் மந்திரித்த தண்ணீர் கொடுத்தார்.

"வீட்டு மூலையில நிழலாப் பார்த்து வையி. மூடக் கூடாது, அசைக்கக் கூடாது, கொட்டக் கூடாது. வத்தினா மேல ஊத்து. கொஞ்ச நாள்ல மந்திரம் உயிர் பிடிக்கும். குட்டிக் காவலர்கள் நெளிவாங்க. கொசுவ விரட்டுறது அவங்க பொறுப்பு."

"நெளிவாங்களா சாமி?"

"நெளிஞ்சா பலிச்சுதுன்னு அர்த்தம்."

பலித்தது. பலிக்காமல் போகுமா? தெருவில் எல்லோருடைய கலசத்திலும் காவலர்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தார்கள்.

"அண்ணே, உங்க கலசத்துல எப்படி?" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

"கலசம் கொள்ளாம நெளியுதுப்பா!" என்று மார்தட்டினார் நம்மவர். தையல்காரரின் முகம் வாடிப்போயிற்று. பாவம், அவர் வீட்டில் அவ்வளவு நெளியவில்லை. கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியோ தினமும் காவலர்களுக்குச் சோற்றுப் பருக்கை போட்டுக் கொஞ்சினாள்.

ஒருநாள் கொசு மருந்தடிக்கும் ஊழியர் வந்து எட்டிப் பார்த்து, "ஐயா, இந்தத் தண்ணியக் கொட்டணும்" என்றார். "காவலருங்க மேல கை வச்சுப் பாரு, நடக்கிறதே வேற!" என்று நம்மவர் இரண்டு கையையும் விரித்துக் கலசத்துக்குக் காவல் நின்றார். அந்தத் தோரணையைப் பார்த்தால் கொசுக்களே கைதட்டியிருக்கும். ஊழியர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் காவலர்களைக் காணோம். கொசுவோ முன்பைவிட மொய்த்தது. கண்ணாடிக்கடைக்காரர் கொட்டகைக்கு ஓடினார்.

"சாமி, காவலருங்க எங்க போனாங்க?"

"ரோந்து போயிருக்காங்க."

"கொசு ஜாஸ்தியாயிடுச்சே?"

"ஆள் பத்தலப்பா. கலசத்த ரெட்டிப்பாக்கு."

எவ்வளவு நியாயமான பதில்! மனுஷர் ரெட்டிப்பாக்கினார்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பயப்படும்படியான காய்ச்சல் இல்லை, ஆனால் இனி ஒரு கொசுகூடக் கடிக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் மகள் பெட்டியை எடுத்தாள்.

"போகாதம்மா! வீடு முழுக்கக் கலசம் வச்சிருக்கேனே!" பெரியவர் பெட்டியின் மூடியை அமுக்கிப் பிடித்தார்.

மகள் கலசத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"ஒரே ஒரு சோதனை. ஒத்துக்கிட்டா இருக்கேன்."

காவலர்களோடு கலசத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றினாள். கடையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியை ஜாடியின் வாய்மேல் போட்டு இறுகக் கட்டினாள். "காவலர் காவலராவே இருந்தா உங்க மகானுக்கு நானே மாலை போடுறேன்" என்றாள். குழந்தையைக் கொசுவலைக்குள் படுக்க வைத்தாள். மூடக் கூடாததை மூடிவிட்டார்களே என்று பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சில நாள் கழித்து ஒரு காலை, மகள் ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னப்பா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே."

கடையின் பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தாள். பார்த்தார். தண்ணீரில் காவலர்கள் கழற்றிப்போட்ட தோல்கள் காலிச் சட்டைகளாக மிதந்தன. துணியின் அடியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கொசுக்கள் உட்கார்ந்திருந்தன.

"கீழ் வரி தெரியுதா?" என்றாள் மகள்.

"தெரியுதும்மா." அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "ஊர் கண்ணையெல்லாம் சோதிச்சேன். என் வீட்டுல கொசுவுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கேன். என்னை மாதிரி அறிவாளிய டிக்கெட் போட்டுத்தான் காட்டணும்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முதல் ஆளாகப் போய் நின்று பாதித் தெருவை வரிசைக்கு இழுத்ததே அவர்தான், வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தையின் கன்னம் நினைவுக்கு வர, ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். மகளும் பின்னாலேயே போனாள்.

"மாயை! வெளியிலேர்ந்து புகுந்த கொசு அது!" என்று மகான் சீறினார்.

வரிசையில் நின்ற தையல்காரர் ஜாடியை வாங்கித் துணியைத் தடவிப் பார்த்தார். "கட்டு கலையல. ஊசி போன ஓட்டைகூட இல்ல. எது வழியாப் புகுந்துச்சு சாமி?"

கூட்டம் சலசலத்தது. கண்ணாடிக்கடைக்காரர் மகானிடம் ஜாடியை நீட்டினார். "உங்க காவலருங்கதானே சாமி? எசமானக் கடிப்பாங்களா? துணிய அவிழ்க்கிறேன், கைய உள்ள விடுங்க."

ஆசீர்வதிக்கத் தூக்கியிருந்த கை சட்டென்று அங்கிக்குள் ஒளிந்தது. மகான் பின்வாங்கியதில் முதுகுப்புறத் திரை அறுந்து விழுந்தது. உள்ளே ஒரு கட்டில். கட்டிலைச் சுற்றிப் பளபளவென்று கொசுவலை.

"ரெட்டைத் தையல்" என்றார் தையல்காரர். "நல்ல வேலைப்பாடு."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. அப்புறம் சிரிப்பு வசவாக மாறியது. மகான் வந்த வேகத்தைவிட வேகமாக ரோந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மகளின் பெட்டி பரணுக்குப் போனது. கண்ணாடிக்கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி டப்பா டப்பாவாகக் கவிழ்த்தார். பேத்தி வலைக்குள்ளிருந்து அதைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரரின் தலை தெரிந்தது. கையில் கலசம்.

"அண்ணே, இத எந்தத் திசை பார்த்துக் கவுக்கணும்?"

நம்மவர் நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தத் திசையில வேணா கவுத்துக்கோப்பா. கவுத்த கையோட நம்ம ரெண்டு பேர் தலையையும் ஒரு தடவ கவுத்துப் பார்த்துடுவோம். ரொம்ப நாளா அசைக்காமலே வச்சிருக்கோம், உள்ள என்னென்ன நெளியுதோ!"