ஜன்னலோர மண்டலம்

உங்கள் வீட்டு ஜன்னலுக்கு யாருடைய அனுமதி வேண்டும்? எங்கள் வீட்டில் பொருளாதாரத் திட்டத் துறையின் அனுமதி வேண்டும். அதாவது, என் வீட்டுக்காரர்.

தங்கமான மனிதர்தான். ஆனால் ஆபீஸையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டுக்கு எது வேண்டுமானாலும் நான் சீட்டில் எழுதி அவர் மேஜையில் வைக்கவேண்டும். அவர் ஓரத்தில் பச்சை மையால் ‘பேசவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம் பேசவே மாட்டார். பாப்பாவுக்குச் செருப்பு கேட்ட சீட்டுக்குப் பதில் வருவதற்குள் பாப்பாவின் கால் இரண்டு அளவு வளர்ந்துவிட்டது.

செருப்பாவது பரவாயில்லை. முன்னறை ஜன்னலோரம் என் தையல் மெஷினைப் போட இடம் கேட்டு மூன்று மாதம். வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். அங்கே அவர் மேஜை; அதன்மேல் ஃபைல்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்துத் தெரு பாலர் பள்ளிக்கார அம்மா நாற்பது சட்டை தைத்துத் தரச் சொல்லியிருந்தார். "திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடும்மா. இல்லாட்டி வேற ஆளைப் பாக்கணும்." என் சீட்டில் ‘பேசவும்’ மூன்று தடவை ஏறியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா, பெரிய அதிகாரி இந்த அறிக்கையை யாருக்காவது படிச்சுக் காட்டச் சொன்னார். உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியுமாம்."

"ரொம்ப மரியாதை. படிங்க."

"எந்தப் பக்கம் என்ன தொழில் வளரணும்னு இத்தனை நாள் தலைநகர்ல உக்காந்து நாங்களே முடிவு பண்ணோம். இனிமே மண்டலத்துக்கு ஒரு வாரியம். அவங்களே முடிவு பண்ணுவாங்க."

"நீங்க பண்ணினதுல என்ன கெட்டுப்போச்சு?"

குரலைத் தாழ்த்தினார். "ஒரு மலையூருக்குப் படகுப் பட்டறை கொடுத்துட்டோம்."

நான் சிரிப்பை மறைக்கப் பாப்பா தலையில் பேன் தேடினேன்.

"சரி, வீட்டை வச்சே சொல்றேன்," என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். "நான் மத்திய அரசு. நீ மண்டலம். உனக்கு என்ன தேவைன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான்."

"அப்போ நீயே முடிவு எடுக்கலாம். கடைசியில எங்க ஒப்புதல் மட்டும் வாங்கணும். பதினாலாம் பக்கம்."

"ஒப்புதல்னா பச்சை மையா?"

"ஆமா."

"அப்போ இது பழைய படகுதானேங்க. பெயின்ட் மட்டும் புதுசு."

பேனாவை மூடினார், திறந்தார். "மண்டலம் தப்பா முடிவெடுத்துட்டா?"

"எடுக்கும். ஆனா தப்பு அவங்க கண்ணு முன்னாடியே நிக்கும், சீக்கிரம் திருத்திக்குவாங்க. உங்க தப்பு உங்களுக்குத் தெரிய எத்தனை வருஷமாச்சு?"

"ஆறு."

பதினாலாம் பக்கத்தைப் புரட்டி எடுத்தார். பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இது நம்ம வீட்டுக்கும் செல்லுமாங்க?"

"கொள்கைன்னா எல்லாருக்கும்தான்," என்றார் பெருமையாக.

மறுநாள் காலை அறிக்கையைக் கொடுக்க அதிகாரி வீட்டுக்குப் போனார். நான் பள்ளிக்கார அம்மாவிடம் சரி சொல்லித் துணி வாங்கி வந்தேன். அவர் திரும்பி வந்தபோது ஜன்னலோரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேஜை குளியலறைக் கதவை ஒட்டி நின்றது. பாப்பா அதன் இழுப்பறையை வெளியே எடுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து படகு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே நின்றுவிட்டார். மெஷினை நிறுத்தாமலே கேட்டேன்.

"அதிகாரி என்ன சொன்னார்?"

"பதினாலாம் பக்கத்தை எடுத்ததுதான் இருக்கறதுலயே நல்ல விஷயம்னார். யார் யோசனைன்னு கேட்டார்."

"நீங்க?"

"மண்டலத்துலேர்ந்து வந்த யோசனைன்னு சொல்லிட்டேன்." சட்டைத் துணியைத் தொட்டுப் பார்த்தார். "நாற்பதையும் நீ ஒருத்தியே தைக்கப் போறியா? பட்டன் நான் வைக்கட்டுமா?"

ஊசி ஒரு தையல் தவறியது. நான் தலை நிமிரவில்லை.

குளியலறைக் கதவோரம் தன் மேஜைக்குப் போனார். பத்து நிமிஷத்தில், தண்ணீர் தெறித்த மேஜையில் முழங்கை நனைந்து, ஒரு சீட்டோடு வந்தார். அதையும் பேனாவையும் மெஷின்மேல் வைத்தார். ‘ஜன்னலோரம், தங்கள் அருகில், ஒரு நாற்காலி போட இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

பச்சைப் பேனா இப்போது என்னிடம். ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘பேசவும். நாற்காலியோடு வரவும்.’