மலையிடுக்கில் நாற்பது ரோல்ஸ்

பெண் கேட்டு வீட்டுக்குப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீருக்குள் போனவன் நான் ஒருவன்தான்.

நான் கட்ட விரும்பிய சிந்துவின் அண்ணன் குகன் சம்மதித்தால் அப்பாவும் சம்மதிப்பார் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். குகன் அண்ணைக்கு விடுமுறை என்றால் மலைதான். "ஞாயிற்றுக்கிழமை வாரும், நடந்து நடந்து கதைப்பம்" என்று தென் ஜேர்மனியில் உள்ள ஒரு மலையிடுக்குக்கு என்னை அழைத்தார். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஓடும் தண்ணீருக்குள்தான் நடை.

"தண்ணி கலங்கினால் மேலை மழை எண்டு அர்த்தம். யோசிக்காமல் திரும்போணும். ரெண்டு கையிலையும் ஒண்டும் இருக்கக்கூடாது" என்றார்.

இதை வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன் (சொல்லியிருக்கக் கூடாது).

"பொம்பிளை வீட்டுக்காரரைப் பாக்க வெறுங்கையோட போறதோ?" என்று நாற்பது மட்டன் ரோல்ஸ் பொரித்து, பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் இறுக மூடித் தந்தார்.

பெட்டியோடு காரிலிருந்து இறங்கிய என்னை அண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"உதைக் காரிலை வைச்சிட்டு வாரும்."

"வெயிலுக்குப் பழுதாய்ப் போயிடும் அண்ணை."

சாப்பாடு பழுதாகும் என்ற வாதத்தை வென்ற தமிழன் இன்னும் பிறக்கவில்லை. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அரைமணி நேரத்தில் தண்ணீர் பால்தேநீர் நிறத்துக்கு மாறியது.

"திரும்பும்! கம்பியைப் பிடியும்!"

பாறையோரம் கம்பி இருந்தது. பிடிக்கக் கைதான் இல்லை.

"பெட்டியை விடும்!"

"ஏலாது அண்ணை, அம்மா செய்தது..."

கல் வழுக்கியது. தண்ணீர் என்னை இழுத்தபோது உண்மையாகவே செத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போதும் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடிதான் இருந்தேன். அண்ணை ஒரு கையால் கம்பியையும் மறுகையால் என் கொலரையும் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல இழுத்து வந்து கரையேற்றினார்.

நனைந்தபடி இருவரும் புல்லில் இருந்தோம். அவர் என்னைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினார். கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகையே வந்தது. செய்வதறியாமல் பெட்டியைத் திறந்து நீட்டினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆறு ரோல்ஸ் சாப்பிட்டார். பிறகு காருக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

"அப்பா, பெடியன் பிடிச்சதை விடமாட்டான். மூளைதான் கொஞ்சம் குறைவு. அது எங்கடை பிள்ளைக்கு இருக்குத்தானே, செய்து வைப்பம்."

கல்யாணமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. மாமா இன்றைக்கும் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது மகன் சொன்ன அந்த இரண்டாவது வசனத்தை மட்டும்தான் சொல்கிறார்.