ஹால் சுவர் காயும்வரை தங்கள் வருகையை ஒத்திவைக்கக் கோரி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம், என் மனைவி கோபம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகத் தாங்கள் சொன்னதில் எங்களுக்குச் சொல்லமுடியாத மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைத் தயவுசெய்து இரண்டு வாரம் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் என் மனைவி பிடுங்கி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தாராளமா வாங்க" என்று சொல்லிவிடுவாள். அதனால் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தை மன்னிக்கவும்.

விஷயம் சுவர். எங்கள் ஹாலில் சோபாவுக்கு எதிரே இருக்கும் பெரிய சுவர் நேராக இல்லை, கட்டும்போதே நடுவில் தொந்தி போட்டுவிட்டது. தாங்கள் சோபாவில் உட்கார்ந்தால் கண் நேரே அதில்தான் போகும். நாளைக்கு ஏதோ ஒரு பேச்சில் தங்கள் வீட்டில் யாராவது என் மகளிடம் "உங்க அப்பா வீட்டுச் சுவர் மாதிரி" என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் அவள் முகம் வாடிவிடும். எனக்கு அது தாங்காது. ஒரு கோட் வெள்ளை அடித்தால் போதும் என்றாள் என் மனைவி. வெள்ளை அடித்தால் தொந்தி இன்னும் எடுப்பாகத் தெரியும், டெக்ஸ்சர் பூச்சு போட்டால் மேடு பள்ளம் மறைந்துவிடும் என்றார் ஒரு பெயிண்டர். அங்கே ஆரம்பித்தது எல்லாம். முப்பத்திரண்டு வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். மூன்று விலைப்புள்ளி இல்லாமல் ஆபீசுக்கு ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை.

முதலில் வந்தவர் ரோலர்காரர். ரோலரை உருட்டினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வரும், இருப்பதிலேயே இதுதான் மலிவு என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு முழம் நீள அகலத்துக்குப் போட்டுக் காட்டினார். அடுத்து வந்த மணல் பூச்சுக்காரர் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதை யாரு சார் பண்ணது?" கேட்டுவிட்டு, பக்கத்தில் தன்னுடையதை ஒரு சாண் பெரிதாகப் போட்டார். ரோலரைப் போல ஒன்றரை மடங்கு விலை சொன்னார். மணல் சொரசொரப்பு பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் அது இரண்டு மடங்கில் கொண்டுபோய் விடும் என்பதை மூன்றாவது ஆள் வந்துதான் சொன்னார். அன்று மாலையே என் மனைவி அதில் முழங்கையை உரசிக்கொண்டாள், நான் மருந்துச் செலவையும் மணல் பூச்சின் விலையிலேயே சேர்த்து எழுதினேன், அதை அவள் பார்த்துவிட்டாள். அந்த மூன்றாமவர் சீப்புக்காரர். ஈரப் பூச்சில் சீப்பை இழுத்து அலை அலையாகக் கொண்டுவருவது அவர் வித்தை, ஆனால் சீப்பைக் கொண்டுவர மறந்துவிட்டார். அலை என்னவோ அழகாகத்தான் வந்தது. அது யாருடைய சீப்பு என்பது மறுநாள் என் மனைவி தலைவாரப் போனபோதுதான் தெரிந்தது. நான்காமவர் சுண்ணாம்பையும் பளிங்குப் பொடியையும் கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறவர். ரோலர் விலையைப் போல ஏழு மடங்கு, தொந்தியைச் செதுக்கி நேராக்கும் கூலி தனி. பளபளப்பு என்றால் அப்படி ஒரு பளபளப்பு. சாயங்காலம் ஹாலுக்குள் நுழைந்தவன், யாரோ பெரியவர் நிற்கிறார் என்று நினைத்து "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டேன். அது நான்தான்.

இப்படியே சுவரில் பதினொரு சதுரம் ஆகிவிட்டது. ஒன்றைவிட ஒன்று பெரிது. மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு நான் தொழில் தொடங்கிவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்ல, மூன்று பேர் விலை கேட்டு வந்துவிட்டார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனசு வரவில்லை சம்பந்தி, உட்காரவைத்து என் அட்டவணையைப் படித்துக் காட்டினேன். பூச்சுக் கூலி, பட்டி, பிரைமர், வருஷம் பூராவும் தூசி துடைக்கிற செலவு, பிடிக்காமப் போனா சுரண்டி எடுக்கிற செலவு. இந்தக் கடைசிச் செலவுதான் பெரிசு. போட ஒரு விலைன்னா எடுக்க மூணு விலை, ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லமாட்டேங்கிறாங்க. கேட்டவங்கள்ல ஒருத்தர் அசந்துபோய் முன்பணமே நீட்டிட்டார். என் மனைவி சமையலறையிலேர்ந்து ஓடி வந்து அதைத் திருப்பிக் குடுத்தா. "இந்த வீட்டுல ஒண்ணு இந்தச் சுவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சுவரை இடிக்க எவ்வளவு ஆகும் என்றும் விசாரித்துவிட்டேன், கட்டுப்படியாகாது.

ஆகவே முடிவுக்கு வந்துவிட்டேன். ஆறாவதாக வந்தவரின் பளபளக்காத கரணைப் பூச்சு, ரோலரைப் போல மூன்று மடங்கு, முழங்கைக்கும் பாதகமில்லை. இனி யாரிடமும் விலை கேட்கப்போவதில்லை என்று மனைவிக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன். பதினொரு சதுரத்தையும் சுரண்டி, பட்டி பார்த்து, பூசிக் காயவைக்க இரண்டு வாரம் வேண்டும். அதுவரை தாங்கள் எங்கள் வாசல் பக்கம் வராமல் இருந்தால் அதைவிடப் பெரிய மரியாதை எங்களுக்கு இல்லை.

சம்பந்தி அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் நேரான சுவர்களுக்கு நடுவே நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிக் கதவைத் திறந்தால், தாங்களும் சம்பந்தி அம்மாவும் ஹாலில் நிற்கிறீர்கள். காலையிலேயே என் மனைவி போன் போட்டு, "அண்ணா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது, இன்னைக்கே வந்து இவருக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று அழைத்தாளாம். எனக்கு உயிரே போய்விட்டது. தாங்களோ பதினொரு சதுரத்தையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தீர்கள், ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை. பிறகு என் காதோரம் வந்து, "சம்பந்தி, சீலிங்கையும் சேர்த்துப் பேசுனா சதுர அடிக்குக் குறைப்பாங்க" என்றீர்கள். அதைக் கேட்ட என் மனைவியும் சம்பந்தி அம்மாவும் பையைத் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே கிளம்பிவிட்டார்கள். தாங்கள் ஏணியில் ஏறி சீலிங்கை அளந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் மகளுக்குப் போன் செய்து, அவர்கள் வருகிறார்கள் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்துவிட்டது. "இங்க ஏம்ப்பா அனுப்புன? இங்க ஹால்ல மாமா பதினாலு சதுரம் போட்டு வெச்சிருக்காரு" என்கிறாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் ஏணிக்கே நீட்டுகிறேன். தங்கள் பதினாலில் என்னிடம் இல்லாத அந்த மூன்று பூச்சுக்காரர்களின் போன் நம்பரை இதன் பின்பக்கத்தில் குறித்துத் தரவும்.