ஒல்லாந்தர் உண்மை பேசிய காலம்

மட்டக்களப்பு வாவியில் எத்தனை மீன் உண்டோ, அத்தனை பொய் ஒல்லாந்தரிடம் இருந்தது. ஆள் அசல் தமிழர்தான். கூரை போட்ட எங்கள் பழைய மரப்பாலத்தடியில் சைக்கிளுக்கு ஒட்டுப்போடுபவர். எந்தக் கதையிலும் அந்தக்கால டச்சுக்காரரான ஓர் ஒல்லாந்துத் தளபதி வந்துவிடுவதால் ஊர் வைத்த பெயர் அது.

டியூப்பில் ஓட்டை சிறிதென்றால் கதையும் சிறிது. கிழிந்த டியூப்போடு வந்தவர்களுக்குத் தளபதியின் மகள், அவளுடைய காதலன், இருவரையும் பாலம் கடத்திவிட்ட யானை எல்லாம் கிடைக்கும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் வாய் பிளந்து கேட்டதை நானே கண்டிருக்கிறேன். பாலத்துக்குக் கூரை எதற்கு என்றால், தளபதிக்கு வழுக்கை, வெயில் தாங்காது என்பார்.

உக்கி உளுத்துப்போன பாலத்தைப் பிரித்து அதே மாதிரி திரும்பக் கட்ட ஆட்கள் வந்தார்கள். நடுத் தூணுக்கடியில் தளபதி புதைத்த பீரங்கி கிடக்கிறது, கவனம் என்று அவர்களிடமும் சொல்லிவைத்தார். சிரித்தார்கள். அந்தத் தூணைப் பிடுங்கியபோது சேற்றோடு ஆள்நீள இரும்பு ஒன்று மேலே வந்தது. கழுவிப் பார்த்தார்கள். பீரங்கி.

யானையும் அடியில் கிடக்குமோ என்று கரையில் நின்ற சிலர் சேற்றை எட்டிப் பார்த்தார்கள். ஒல்லாந்தரோ காற்றடிக்கும் பம்பைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

"தம்பி, அது நான் சும்மா சொன்ன கதை" என்றார் என்னிடம். "மற்றதெல்லாம் மெய்யாப் போனா நான் என்ன செய்யிற?"

அன்றோடு பொய்யை விட்டார். புதிய பாலம் திறந்தபின் அதைப் பார்க்கவே சனம் வந்தது. யார் கட்டியதென்று கேட்டால், தெரியாது என்றார். கூரை மழைக்கு என்றார். ஊரே ஆடிப்போயிற்று. பழைய மனுசன் திரும்ப வேண்டுமென்று அவர் மனைவி களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்.

அண்மையில் ஒரு நாள், சைக்கிளில் ஊர் பார்க்க வந்த வெளியூர்க் குடும்பமொன்று காற்றுப்போன டயரோடு வந்து நின்றது. அவர் வாயே திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே தொடங்கினேன்: முன்னொரு காலத்தில் இந்தப் பாலத்துக்கு ஒரு முதலை காவல் இருந்தது. அதற்குமேல் எனக்குக் கதை வரவில்லை.

டியூப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "ஒண்டில்ல தம்பி, ரெண்டு. அதுக்கு மறுகாத்தான் பெண் முதலைக்குக் கோபம் வந்த."

எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை கிடந்தது. அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நானும் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.