புலி நல்லவர்னு நூறு பேரு சொன்னாங்க

உக்காருங்கப்பா, உக்காருங்க. பின்னாடி முறுக்கு கடிக்கிற சத்தம் நின்னாத்தான் புலி வரும்.

ஒரு காட்டில் ஒரு புலி இருந்துச்சு. மூணு நாளா பட்டினி. அந்த நேரம் பாத்து ஒரு கட்டு பேப்பரைத் தூக்கிக்கிட்டு நரி வந்துச்சு. தபால்ல சமூகவியல் படிச்ச நரி.

"புலியண்ணே, நீங்க யாருன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன்."

"நான் புலிடா."

"அதை நீங்களே சொன்னா செல்லாதுண்ணே. நாலு பேரு உங்களை எப்படிப் பாக்குறாங்களோ, அதான் நீங்க."

வயிறு கத்துனாலும், நாலு பேரு தன்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு கேக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நரியை அப்புறம் பாத்துக்கலாம்னு புலி விட்டுடுச்சு.

நரி நூறு பேரைப் பிடிச்சுது. ஒரே கேள்வி: 'புலி உங்களை எப்பவாச்சும் தின்னுருக்கா?'

முயல் 'இல்லை'ல டிக் அடிச்சுது. பன்னியும் அடிச்சுது. மான்குட்டி மட்டும் இழுத்துச்சு.

"என்னையத் தின்னலை. எங்கம்மாவைத் தின்னுருச்சு."

"அம்மா படிவத்தை அம்மாதான் எழுதணும். வரச் சொல்லு."

முடிவு வந்துச்சு. நூத்துக்கு நூறு, 'இல்லை'. கூட்டம் கூட்டி மாலை போட்டாங்க. புலிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நான் இவ்வளவு நல்லவன்னு இத்தனை நாளா யாருமே சொல்லலையேடா."

அன்னிலேருந்து புல்லுதான். ரெண்டு வாய் தின்னா மூணு வாய் வாந்தி. விலா எலும்பை எண்ணிடலாம். முயலைப் பாத்தா எச்சி ஊறும். உடனே மாலை ஞாபகம் வந்துரும். "சாப்பிட்டியா தம்பி"ன்னு விசாரிச்சுட்டு நடையைக் கட்டிடும்.

கடைசியில, எல்லாரும் தண்ணி குடிக்கிற குளத்தங்கரையில நரியை நிறுத்திக் கேட்டுச்சு. "உசுரு போகுதுடா. நான் புலியா இல்லையா?"

"முடிவு வந்துருச்சேண்ணே. பசிக்கிறதெல்லாம் உங்க சொந்தக் கருத்து."

கரையில ஒரு ஆமை. ஒன்பது வருஷமா வாயே தொறக்காத ஆமை. மெதுவா தலையை நீட்டுச்சு.

"புலி தின்னவங்களைக் கேட்டியா?"

"அவங்க படிவத்தைத் திருப்பித் தரலை. தராதவங்களைச் சேக்கக் கூடாது. அதான் முறை."

"அப்ப உன்னையத் தின்னாலும் நூத்துக்கு நூறுதானே."

புலி நரியைத் திரும்பிப் பாத்துச்சு.

ஆராய்ச்சி முடிவு இன்னிக்கும் மாறலை.

நீதி: நாலு பேரு உன்னைய நல்லவன்னு சொல்லணும்னா, அஞ்சாவது ஆளைத் தின்னுடு.