டீட்டரை ஆளாக்கியவர்

ஆளாக்கியவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பேப்பரில் யாராவது ஒருவர் படம் வந்தால் போதும், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இவனை ஆளாக்கினதே நான்தான்" என்பார்கள். ஜில்லா கலெக்டரோ, சினிமாவில் பாடுகிறவரோ, கிரிக்கெட்டில் ஏழாவது ஆளாக இறங்குகிறவரோ, அவர் அரை டிராயர் போட்ட காலத்தில் இவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த வார்த்தை மட்டும் இல்லாவிட்டால்? அவ்வளவுதான், ஆள் தெருவில் நின்றிருப்பார்.

இந்த இனம் நம் ஊர் வெயிலில்தான் வளரும் என்று நினைத்துவிடாதீர்கள். பனியிலும் நன்றாகத் தாங்கும். டாக்டர் குருமூர்த்தி ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் இருந்தார். இரும்பு ஏன் உடைகிறது என்று ஆராய்வது அவருக்கு உத்தியோகம். பெயரிலேயே குரு இருந்ததால் சிஷ்யர்கள் தானாக வந்து சேரட்டும் என்று காத்திருக்க மாட்டார். தாமே பிடித்துப் போட்டுக்கொள்வார்.

அவரும் மனைவி சியாமளாவும் கிராவுசே அம்மாளின் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். கீழே அந்த அம்மாளும் அவள் மகன் டீட்டரும். டீட்டர் கதவுக்குள் நுழைவதென்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும், அப்படி ஒரு தோள். பீர் தொழிற்சாலையில் பீப்பாய் ஏற்றி இறக்கும் வேலை. அப்போதெல்லாம் கிழக்கே ஸோஸ்ட் ஊர்ப் பக்கம் கனடா ராணுவத்தின் முகாம் இருந்தது. அங்கே பீர் இறக்கப் போன ஒரு நாள் இவன் இரண்டு கையிடுக்கிலும் ஒவ்வொரு பீப்பாயோடு நடந்து போனதை ஒரு சார்ஜன்ட் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீட்டர் முகாம் மைதானத்தில் நின்றான்.

கனடாக்காரர்கள் ஃபுட்பால் என்று சொல்வது காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் முன்னேறும், இன்னொரு கூட்டம் தடுக்கும். தடுக்கிற கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கிறவன் பந்தைத் தொடக்கூட வேண்டாம். எதிரே நிற்கிற மலையைப் புரட்டிவிட்டு, அதற்குப் பின்னால் பந்தை எறியக் காத்திருப்பவனைச் சாய்க்க வேண்டும். பீப்பாயோடு பழகியவனுக்கு இதில் என்ன கஷ்டம்? இரண்டு வருஷத்தில் சார்ஜன்ட் தன் ஊர் அணிக்குச் சொல்லியனுப்பினார். சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற அணி. வரச்சொன்னார்கள். அது 1968.

டீட்டர் மாடிக்கு வந்தான், இங்கிலீஷ் கற்றுக்கொள்ள. குருமூர்த்தி கற்றுக்கொடுத்தார். எந்த இங்கிலீஷ்? தம் அப்பா தாலுகா ஆபீசில் எழுதிய இங்கிலீஷ். "கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மீ", "ஐ பெக் டு ஸ்டேட்", "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்". கூடவே ஒரு புத்திமதியும் சொன்னார்.

"போகாதே டீட்டர். இங்கே உனக்கு பென்ஷன் உண்டு. ஜெர்மன்காரன் பீர் குடிப்பதை நிறுத்தப்போகிறானா? முட்டி மோதிப் பிழைக்கிற பிழைப்பு எத்தனை நாளைக்கு?"

டீட்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கப்பல் ஏறிவிட்டான்.

முதல் வருஷம் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வருஷம் முன்வரிசைக்காரன் ஒருவன் விலா எலும்பு முறிந்து படுத்ததும் இவனை இறக்கினார்கள். எதிராளி முன்னால் குனிந்து நின்று, "கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மீ" என்றானாம். எதிராளி என்னவென்று யோசிப்பதற்குள் பந்து எறிகிறவன் புல்லில் கிடந்தான். அந்த ஊர்க்காரர்கள் இவனுக்கு 'ஜென்டில்மேன்' என்றே பெயர் வைத்தார்கள். மூன்றாம் வருஷம் இறுதிப் போட்டிவரை போய், சேற்றில் ஒரே ஒரு புள்ளியில் தோற்று, பனிக்கட்டி மூட்டையைத் தோளில் கட்டிக்கொண்டு அழுத படம் பத்திரிகையில் வந்தது. கிராவுசே அம்மாள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

மாடியிலும் மாட்டினார்கள்.

பக்கத்து ஊரான ஹம்மிலிருந்தும் டோர்ட்மண்ட் விடுதிகளிலிருந்தும் நம் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் சாப்பிட வருவார்கள். அந்தப் படத்தின் கீழே உட்காரவைத்துத்தான் குருமூர்த்தி இலை போடுவார். 1970-இல், "அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது நான்" என்றார். உண்மைதானே? 1971-இல், "போடா, தைரியமா போ, பென்ஷன் கிடக்குன்னு தள்ளி விட்டதே நான்தான்" என்றார். 1973-இல் ஆட்டத்தின் நுணுக்கத்தையே அவர்தான் கற்றுக்கொடுத்திருந்தார். இரும்பு எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்தவருக்கு மனுஷன் எங்கே சாய்வான் என்று தெரியாதா?

"ரசம் விட்டுக்கோங்கோ, பாஸ்கரன்," என்பாள் சியாமளா, வாராவாரம் வருகிற மாணவனிடம். "அந்த ரசம்தான் டீட்டரோட மசில்னு அடுத்த வருஷம் சொல்லுவார்."

அந்தக் குளிர்காலத்திலேயே டீட்டரின் முழங்கால் போயிற்று. பனியில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் அதன்மேல் விழுந்தார்கள். அறுத்துத் தைத்தார்கள். வேறு ஊர் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஒரு வருஷம் நொண்டி ஆடினான். பிறகு பயிற்சியாளர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். கைகுலுக்கினால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

குருமூர்த்திக்கு இங்கே ஒரு தர்மசங்கடம். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் அதைச் சொன்னால் தள்ளி விட்டது யார் என்ற கேள்வி வருமே! ரொம்ப யோசித்து, முழங்காலைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிட்டார்.

1976 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வந்த மாணவர்கள் இரண்டு பேர், கூட பாஸ்கரன். கதை தள்ளிவிட்ட கட்டத்துக்கு வந்திருந்தது. மாடிப்படியில் சத்தம் கேட்டது, ஒரு கால் பலமாக, ஒரு கால் மெதுவாக. கதவைத் திறந்தால் டீட்டர். பக்கவாட்டில் திரும்பி உள்ளே வந்தான். மாணவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஹெர் டாக்டர்," என்றான். "பீர் தொழிற்சாலையில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தக் காலோடு பீப்பாய் தூக்க முடியாது என்கிறார்கள். நீங்கள்தான் என்னை ஆளாக்கினீர்கள் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாகூட அப்படித்தான் நம்புகிறாள். இப்போது நான் என்ன செய்யட்டும்?"

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டம். முப்பது வயது ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதிலுக்காக நின்றான்.

"நாளைக்குப் பார்க்கலாம்," என்றார் குருமூர்த்தி.

மறுநாள் கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் படி இறங்கினார். அதற்கு மறுநாளும். சியாமளா அவர் கோட்டை எடுத்து நீட்டினாள்.

"எவ்வளவு நாளைக்கு இப்படிப் பூனை மாதிரி இறங்கப்போறேள்?"

"நான் யாருடி அவனுக்கு வேலை வாங்கித் தர? எனக்கே வருஷா வருஷம் கான்ட்ராக்ட்!"

"அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே."

குருமூர்த்தி போனார். தமக்கென்று ஒரு தடவைகூட எதுவும் கேட்டிராத தம் புரொபசரிடம் அவனுக்காகப் போய் நின்றார். அவர் உதட்டைப் பிதுக்கினார். நீச்சல் குளத்தில் கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில், சர்டிபிகேட் இல்லாதவன் விளையாட்டு வாத்தியார் ஆக முடியாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். இன்னோர் இடத்தில் இவரையே வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்து, பாத்திரம் கழுவத் தெரியுமா என்று கேட்டார்கள். காதெல்லாம் சிவந்து வெளியே வந்தார். ஆனால் அடுத்த இடத்துக்கும் போனார்.

கடைசியில், சுரங்கத்தில் அடிபட்டவர்களுக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுக்கிற ஓர் ஆஸ்பத்திரி. அவர்களுக்கு நோயாளிகளைத் தாங்கிப் பிடிக்கப் பலமான ஆள் வேண்டியிருந்தது. தானே நொண்டி, தானே நடக்கப் பழகியவன் என்றதும் பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அனுப்புங்கள், பார்க்கிறேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?"

வருஷக்கணக்காக இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தவர் அவர்.

"மாடியில் குடியிருக்கிறேன்," என்றார்.

டீட்டருக்கு வேலை கிடைத்தது. தூண் மாதிரி நின்று கையை நீட்டுவான். விழுந்துவிடுவோமோ என்று பயந்த கிழட்டுச் சுரங்கக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்துவைப்பார்கள். ஒவ்வொருவரிடமும் முதலில், "கைண்ட்லி எக்ஸ்க்யூஸ் மீ" என்பானாம். அவர்களுக்கு அர்த்தம் தெரியாது. சிரிப்பார்கள்.

இதையாவது குருமூர்த்தி சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வார்? பாத்திரம் கழுவத் தெரியுமா என்று கேட்டதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்! பாஸ்கரன் ஒரு தடவை, "டீட்டர் இப்ப எங்க சார்?" என்று கேட்டான். "ஏதோ ஆஸ்பத்திரில இருக்கான்," என்று சொல்லிவிட்டு, "அறுபத்தெட்டுல நான் தள்ளிவிடலேன்னா..." என்று ஆரம்பித்தார். சியாமளா ரசத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவருக்குத்தான் முதலில் விட்டாள்.

சரி, நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? பம்பாயில் பெரிய வேலையில் இருக்கிறானே உங்கள் மைத்துனர் பையன், அவனை ஆளாக்கியது யார்? சொல்ல வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அவன் ஒரு நாள் அதை நம்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள்.